முகவலிக்கு டிடிஐ ஸ்கேன், டர்பன்ல: எதுக்குக் காசு குடுக்கலாம், எதுக்கு வேணாம்

முதல்லயே தீர்ப்பைச் சொல்லிடறேன், அவசரமா படிக்கிறவங்க இதோட போயிடலாம். சென்டர் நல்ல சென்டர், மெஷின் நல்ல மெஷின், வேலை பாக்கிறவங்க தங்கமானவங்க, மெயின் எம்ஆர்ஐக்கு தாராளமா நாலரை ஸ்டார். ஆனா அதுக்கு மேல "நரம்பு எவ்வளவு டேமேஜ் ஆகியிருக்குன்னு காட்டும்"னு சொல்லி டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங்னு ஒரு எக்ஸ்ட்ரா ஐட்டம் விக்கிறாங்க பாருங்க, சுருக்கமா டிடிஐ, அதுக்கு ரெண்டு ஸ்டார்தான். ரெண்டு கூட படம் அழகா இருந்ததுக்காக.

இடம் தென்னாப்பிரிக்கா, டர்பன் வடக்குப் பக்கம், ப்ரைவேட் ரேடியாலஜி. பேர் போடல, ஏன்னா நான் சொல்லப்போறது அந்த ஒரு இடத்துக்கு மட்டும் இல்ல, இந்த ஐட்டத்தை வீட்டுல வலியோட ஒருத்தரை வெச்சிருக்கிறவங்ககிட்ட விக்கிற எந்த இடத்துக்கும் பொருந்தும்.

பேஷன்ட் எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா. கேட்டோ மேனர்ல பொறந்தவங்க, நிறவெறிக் காலத்து குரூப் ஏரியாஸ் சட்டத்துல அங்கேர்ந்து கிளப்பிவிட்டப்போ சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பம். அவங்களுக்கு வலது கன்னமும் கீழ்த்தாடையும் திடீர்னு ஷாக் அடிச்ச மாதிரி சுண்டி இழுக்கும், சில செகண்ட்தான், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் மறுபடி. பல் விளக்கினா வரும், பேசினா வரும், முகம் கழுவினா வரும், பீச் பக்கம் கார் கண்ணாடியை இறக்கினா காத்துக்கே வரும். ஒரு பல் டாக்டர் நல்லா இருந்த கடைவாய்ப் பல்லைப் புடுங்கிப் பாத்தாரு, பல் போச்சு, வலி போகல. இந்த நோய் இருக்கிற நிறைய பேர் இதே கதையைச் சொல்லுவாங்க. காவடி சமயத்துல கோயில்ல உக்காந்துட்டு அத்தை சொன்னாங்க, "பாரு கண்ணு, கன்னத்துல அலகு குத்திட்டு அவன் சிரிச்சுட்டுப் போறான், எனக்கு முந்தானை பட்டாலே உயிர் போகுது."

நியூராலஜிஸ்ட் கதையைக் கேட்டதுமே ட்ரைஜெமினல் நியூரால்ஜியான்னு சொல்லிட்டாரு. மூளையிலேர்ந்து வர்ற அஞ்சாவது நரம்பு, முகத்துக்கு மூணு கிளையாப் பிரியுது, அத்தைக்கு ரெண்டாவதும் மூணாவதும். வருஷத்துக்கு லட்சம் பேர்ல 4லேர்ந்து 13 பேருக்குப் புதுசா வருதுன்னு பொதுவா சொல்லுவாங்க, ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு அதிகம், அம்பது வயசுக்கு மேலதான் பெரும்பாலும். கார்பமாஸெபைன் எழுதிக் குடுத்தாரு, 1962லேர்ந்து இந்த வலிக்குக் குடுத்துட்டு வர்ற மாத்திரை, இன்னிக்கும் முதல் மருந்து அதுதான். கூடவே எம்ஆர்ஐக்கு லெட்டர். இதைக் கவனிங்க, நோய் என்னன்னு கண்டுபிடிச்சது ஸ்கேன் இல்ல, கதை கேட்ட டாக்டர். ஸ்கேன் எதுக்குன்னா ஏன் வந்துச்சுன்னு பாக்க: ரத்தக்குழாய் நரம்பை அழுத்துதா, கட்டி ஏதாவது இருக்கா, இல்ல நரம்போட உறையைக் கெடுக்கிற மல்டிபிள் ஸ்க்ளிரோஸிஸா.

மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, அவங்ககிட்ட ஆத்தரைசேஷன் நம்பர் வாங்குறது வழக்கமான ரோதனை, அதைப் பத்தி எழுதினா தனி ரிவ்யூ ஆயிடும். லெட்டர்ல நோய்க்கான ஐசிடி கோட் ஜி50.0ன்னு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க, வெறும் "முகவலி"ன்னு வேற கோட் போட்டிருந்தா கேள்வி மேல கேள்வி வரும். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரமே கிடைச்சுது, ரிசப்ஷன்ல மரியாதையாப் பேசினாங்க, வெயிட்டிங் ரூம்ல டீ காபி உண்டு, சேர் கொஞ்சம் தாழ்வு, முட்டிவலிக்காரங்க எந்திரிக்கக் கஷ்டப்படுவாங்க. லோட்ஷெடிங் முன்ன மாதிரி இல்லேன்னாலும் ஜெனரேட்டர் இருக்கான்னு கேக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகல, இருக்காம்.

இப்ப இந்த சென்டருக்கு நான் நிஜமாவே கும்பிடு போடுற விஷயம். தலைக்கு எம்ஆர்ஐ எடுக்கும்போது மூஞ்சிக்கு மேல கூண்டு மாதிரி ஒரு காயில் வெப்பாங்க, காது ரெண்டுக்கும் சத்தத்துக்காக ஹெட்ஃபோன், ஆடாம இருக்க கன்னத்துக்குப் பக்கத்துல ஸ்பாஞ்சு. சாதாரண ஆளுக்கு இது ஒண்ணுமே இல்ல. முகத்துல தொட்டாலே வலி வர்றவங்களுக்கு அந்த ஸ்பாஞ்சு போதும். ரேடியோகிராஃபர் ஒரு சின்னப் பொண்ணு, லெட்டரைப் பாத்ததுமே "ஆன்ட்டி, எந்தப் பக்கம், எங்க தொட்டா வரும்"னு கேட்டு, வலது பக்கம் ஸ்பாஞ்சே வெக்காம நெத்தியிலயும் பின்மண்டையிலயும் மட்டும் டைட் பண்ணி, காதுக்கு ஹெட்ஃபோனுக்குப் பதிலா இயர்பிளக் குடுத்துச்சு. இதை யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க, அந்தப் பொண்ணா யோசிச்சுது. மூக்குத்தி கழட்டணும், தாலிச் செயினும் கழட்டணும், அத்தை செயினைக் குடுக்க மாட்டேன்னு கொஞ்ச நேரம் முரண்டு பிடிச்சாங்க, அப்புறம் என் கையில குடுத்துட்டு "உன் கழுத்துல போட்டுக்காத, கையிலயே வெச்சிரு"ன்னாங்க. மாத்திரை நேரத்தை மாத்தணுமான்னு முன்னாடியே நியூராலஜிஸ்ட்கிட்ட கேட்டுட்டுப் போங்க, உள்ள படுத்திருக்கும்போது அட்டாக் வந்தா ஆடிடுவாங்க, படம் கெட்டுடும்.

எக்ஸ்ட்ரா ஐட்டத்தை எடுத்தது ரிசப்ஷன்லதான். ஒரு பேப்பரை நீட்டி, "ஃபேஷியல் பெயின் கேஸ்னா டிடிஐயும் சேத்து எடுக்கலாம், நரம்பு டேமேஜை நம்பராவே காட்டும்"னாங்க. டாக்டர் லெட்டர்ல அது இல்ல. வீட்டுக்காரர் "அம்மாவுக்குத்தானே, எடுத்துடலாம்"னு சைன் போட்டாரு, எனக்கும் ஆசைதான், நான் ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்கிறவ, இந்த டெக்னிக் பத்தி படிச்சிருக்கேன், சொந்தக்காரங்க தலைக்குள்ள பாக்கிற வாய்ப்பு எப்ப வரும்.

பிசிக்ஸ் என்னன்னா, நம்ம உடம்புத் தண்ணியில இருக்கிற மூலக்கூறு எல்லாம் சும்மா இருக்காது, அலைஞ்சுக்கிட்டே இருக்கும், ஸ்கேன் அளக்கிற அந்தக் குட்டி நேரத்துல கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு தூரம் நகரும். வெறும் தண்ணியில எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நகரும். நரம்புக்குள்ள அப்படி முடியாது. நம்ம நார்த் கோஸ்ட் ரோட்டுல போகும்போது கரும்புத் தோட்டம் பாப்பீங்கல்ல, வரிசை போற வாக்குல நடந்தா சுலபமா போயிடலாம், குறுக்க போனா கரும்பு தடுக்கும். நரம்பு இழையும் அப்படித்தான், நீளவாக்குல தண்ணி ஓடும், குறுக்க போறதை இழையோட சுவரும் அதைச் சுத்தியிருக்கிற மயலின்ங்கிற கொழுப்பு உறையும் தடுக்கும். இந்த ஓரவஞ்சனையை 0லேர்ந்து 1 வரைக்கும் ஒரு நம்பராச் சொல்றதுதான் எஃப்ஏ, ஃப்ராக்ஷனல் அனைசோட்ரபி. உறை கெட்டுப்போனா குறுக்க கசியறது கூடும், அதை ரேடியல் டிஃப்யூசிவிட்டின்னு தனியா அளக்கலாம், எஃப்ஏ இறங்கும். 1994ல பீட்டர் பாஸர், ஜேம்ஸ் மாட்டியெல்லோ, டெனி லெ பியான் மூணு பேரும் சேந்து எந்தத் திசையில எவ்வளவு நகருதுன்னு சொல்ற டென்சர் கணக்கா இதை எழுதினாங்க, குறைஞ்சது ஆறு திசையில அளந்தாத்தான் அந்தக் கணக்கு போட முடியும், இப்ப முப்பது அறுபதுன்னு எடுக்கிறாங்க. அத்தைக்கு அந்த நேரம்தான் ரொம்ப சிரமம், டேபிளே அதிரும், வெளியில நின்ன எனக்கே சத்தம் கேட்டுச்சு.

படம் வந்துச்சு பாருங்க, சொக்கிப்போயிட்டேன். இடவலம் போறது சிவப்பு, மேல கீழ போறது நீலம், முன்ன பின்ன போறது பச்சை, இது எல்லா ஊர்லயும் ஒரே கலர் வழக்கம். இந்த அஞ்சாவது நரம்பு மூளைத்தண்டுலேர்ந்து முன்பக்கமா போறதால ரெண்டு பக்கமும் பச்சையா குட்டி வால் மாதிரி நிக்குது. கீழ ஒரு டேபிள், வலது எஃப்ஏ இவ்வளவு, இடது இவ்வளவு, வலதுக்குப் பக்கத்துல கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. வித்தியாசம் ரெண்டாவது தசமத்துல. வீட்டுக்காரர் அந்த அம்பைப் பாத்துட்டு முகம் வெளுத்துப்போயிட்டாரு, "அம்மாவோட நரம்பு செத்துடுச்சா"ன்னு என்னைக் கேக்கிறாரு. இதுதான் எனக்குக் கோவம். அந்த அம்புக்கு என்ன அர்த்தம்னு ரிப்போர்ட்ல ஒரு வரி இல்ல.

ஏன் அந்த நம்பரை நான் நம்பலன்னா, இந்த நரம்பு மூளைத்தண்டுலேர்ந்து வெளிய வர்ற இடத்துல சில மில்லிமீட்டர் தடிமன்தான். டிடிஐ படத்தோட ஒரு கட்டம் பொதுவா ரெண்டு மில்லிமீட்டர் கிட்ட இருக்கும். அப்போ நரம்போட குறுக்கால எத்தனை கட்டம் விழும்னு நீங்களே கணக்கு போடுங்க. சுத்தி பூரா மூளைத்தண்டுவட நீர், ஓரக் கட்டத்துல எல்லாம் பாதி நரம்பு பாதி தண்ணி, தண்ணிக்கு எஃப்ஏ கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால சராசரி தானா இறங்கும். இதுல இன்னொரு கூத்து, அழுத்தத்துல நரம்பு இளைச்சுப்போயிருந்தா ஓரக்கட்டம் விகிதம் கூடும், அப்போ எஃப்ஏ குறைஞ்சது உறை கெட்டதாலயா இல்ல மெலிஞ்சதாலயான்னு இந்த நம்பரை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. பக்கத்துல எலும்புக்குள்ள காத்து இருக்கிற அறைங்க, அதுங்களால படம் நெளியும், 3 டெஸ்லா மெஷின்ல சிக்னல் நல்லா வரும் ஆனா நெளியறதும் கூடும். அத்தை எச்சில் முழுங்கினது வேற. மெஷினுக்கு மெஷின் நம்பர் மாறும், இதுக்குக் கீழ போனா நோய், மேல இருந்தா நார்மல்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட கோடு எதுவும் கிடையாது. சுகர் டெஸ்ட் ரிசல்ட் மாதிரி அம்பு போட இவங்க யாரு.

அதுக்காக இந்த டெக்னிக்கே டுபாக்கூர்னு நான் சொல்லல, அப்படி யாராவது எடுத்துக்கிட்டா அதுவும் தப்பு. ஆராய்ச்சியில இது பெரிய விஷயம். டொராண்டோல மோஜ்கன் ஹொடாயி, கேரன் டேவிஸ், டானியெல் டிசூசா இவங்க குழு 2014ல காட்டினாங்க, வலி இருக்கிற பக்கம் நரம்பு வேர்ல எஃப்ஏ குறைவு, குறுக்க கசியறது அதிகம், அதோட மூளையோட வெள்ளைப் பகுதியிலயும் மாற்றம். அதைவிட எனக்குப் புடிச்சது 2015ல அதே குழு எழுதினது, ஆபரேஷன் பண்ணி வலி நின்னவங்களுக்கு நரம்புல இருந்த அந்த மாற்றம் சரியாகி பழையபடி ஆகுதுங்கிறது. அதாவது அடிபட்ட நரம்பு ஒரேயடியா போயிடல, அழுத்தம் விட்டா தேறுது. என் வீட்டுக்காரருக்கு அந்த சிவப்பு அம்புக்குப் பதிலா யாராவது இதைச் சொல்லியிருக்கணும்.

ஆனா இதெல்லாம் நோயாளிங்களையும் நல்லா இருக்கிறவங்களையும் கூட்டமா வெச்சு சராசரி பாத்துச் சொன்னது. கூட்டத்துக்கு நிக்கிற வித்தியாசம் ஒரு ஆளுக்கு நிக்கணும்னு இல்ல. இன்னொண்ணு கேளுங்க, 2012ல இதே டேவிஸ் ஆளுங்க தாடை மூட்டு வலிக்காரங்களை டிடிஐ எடுத்தப்போ அவங்களுக்கும் ரெண்டு பக்க ட்ரைஜெமினல் நரம்புலயும் எஃப்ஏ குறைவாத்தான் இருந்துச்சு, அதுவும் வலி எத்தனை வருஷமா இருக்கோ அத்தனைக்குக் குறைவு. அப்போ எஃப்ஏ குறைஞ்சா ட்ரைஜெமினல் நியூரால்ஜியாதான்னு எப்படிச் சொல்றது? ரெண்டுக்கும் வைத்தியமே வேற, ஒண்ணுக்கு மூளைப் பக்கத்துல கத்தி வெக்கிற ஆபரேஷன் வரைக்கும் போகலாம், இன்னொண்ணுக்கு அப்படி பண்ணினா அநியாயம்.

ஒரு குழப்பத்தையும் தீத்து வெக்கிறேன். டிஃப்யூஷன்னு பேர் வந்தாலே எக்ஸ்ட்ரா காசுன்னு நினைக்காதீங்க. சாதாரண டிஃப்யூஷன் வெயிட்டட் படம், டிடபிள்யூஐ, இன்னிக்கு ரொட்டீன் மூளை எம்ஆர்ஐல பொதுவா சேந்தே வரும். ஸ்ட்ரோக்குக்கு அது உயிர் காக்கிற படம். முகவலிக்கும் அதுக்கு வேலை இருக்கு, எபிடெர்மாய்டுன்னு ஒரு கட்டி அந்த நரம்புப் பக்கம் வளந்து இதே வலியைக் குடுக்கும், மத்த படத்துல அது சுத்தி இருக்கிற தண்ணி மாதிரியே தெரிஞ்சு ஏமாத்தும், டிடபிள்யூஐல பளிச்சுன்னு காட்டிக் குடுத்துடும். அது மெயின் ஸ்கேன் ரேட்டுலயே இருக்கு. தனியா விக்கிறது கலர் வாலும் அம்பும்தான்.

நியூரோசர்ஜன்கிட்ட போனோம். அவரு கலர் படத்தை ஒரு தடவை பாத்துட்டு "வெரி நைஸ்"னு மூடிட்டாரு. நேரா போனது மெல்லிசா வெட்டி எடுத்த டி2 படத்துக்கு, சீமென்ஸ் மெஷின்ல சிஸ்னு சொல்லுவாங்க, ஜிஇல ஃபியஸ்டா, ஃபிலிப்ஸ்ல வேற பேர், எல்லாம் ஒரே குடும்பம். தண்ணி வெள்ளையா, நரம்பும் ரத்தக்குழாயும் கறுப்பா, அரை மில்லிமீட்டர் ரேஞ்சுல தெரியும். அதுல சுப்பீரியர் செரிபெல்லர் ஆர்ட்டரி, சிறுமூளைக்குப் போற ஒரு ரத்தக்குழாய், வளைஞ்சு வந்து வலது நரம்பை மேலேர்ந்து அழுத்தித் தள்ளுறதை எங்களுக்கே விரல் வெச்சுக் காட்டினாரு, அத்தைகூட "ஓ, அந்தக் குழாய்தானா வேலை பாக்குது"ன்னாங்க. குழாய் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கிறது வலியே இல்லாத நிறைய பேருக்கும் உண்டாம், அதனால தொடுறது பத்தாது, நரம்பு தள்ளிப்போயிருக்கா, இளைச்சிருக்கா, அதுதான் கேள்வின்னு சொன்னாரு. வால்டர் டான்டிங்கிற சர்ஜன் 1930கள்லயே ஆபரேஷன்ல குழாயைப் பாத்துச் சொல்லிட்டாரு, 1960கள்லேர்ந்து பீட்டர் ஜனெட்டா மைக்ரோஸ்கோப் வெச்சு குழாயை விலக்கி நடுவுல மெத்தை வெக்கிற ஆபரேஷனை நிலைநாட்டினாரு, இன்னிக்கும் அதுதான் எம்விடி, மைக்ரோவாஸ்குலர் டிகம்ப்ரஷன். டிடிஐ நம்பர் அதுல எதையாவது மாத்துமான்னு நான் நேரடியாவே கேட்டேன். "உங்க அத்தைக்கு மாத்தாது, மாத்திரை கேக்குதா இல்லையாங்கிறதுதான் மாத்தும்"னாரு. இப்போதைக்கு மாத்திரை கேக்குது, சோடியம் மட்டும் அப்பப்ப ரத்தத்துல பாக்கச் சொல்லியிருக்காங்க, ஆபரேஷன் பேச்சு தள்ளி நிக்குது.

பில். மெடிக்கல் எய்ட் எம்ஆர்ஐயையும் கான்ட்ராஸ்ட் மருந்தையும் குடுத்துட்டாங்க, நாங்க கட்டற வழக்கமான கோ-பேமென்ட் போக. டிடிஐ வரியை மட்டும் ஆராய்ச்சி நிலைன்னு சொல்லித் தள்ளிட்டாங்க, அது முழுசா எங்க தலையில. சென்டர்ல கேட்டா "கவர் ஆகும்னு நாங்க சொல்லலையே, ஆகலாம்னுதான் சொன்னோம்"னு பதில். சைன் போட்ட பேப்பர்ல பொடி எழுத்துல அப்படித்தான் இருக்கு, சட்டப்படி அவங்க பேர்ல தப்பில்ல. ஆனா வலியில துடிக்கிற அம்மாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எந்தப் பையன் பொடி எழுத்தைப் படிப்பான்? விலையைப் பெருசா எழுதி, "இது வைத்தியத்தை மாத்தாது, விருப்பம் இருந்தா எடுக்கலாம்"னு ஒரு வரி போட்டிருந்தா நான் மூணு ஸ்டார் குடுத்திருப்பேன்.

யூனிவர்சிட்டி ஆளுங்க யாராவது ஆராய்ச்சிக்குன்னு முறையா கன்சென்ட் வாங்கி இலவசமா எடுக்கக் கூப்பிட்டா, சத்தத்தைத் தாங்க முடியும்னா, தாராளமா போங்க, நாளைக்கு யாருக்கு ஆபரேஷன் கேக்கும் யாருக்குக் கேக்காதுன்னு முன்கூட்டியே சொல்றதுக்கு இந்த நம்பருங்க உதவலாம்னு நிறைய பேர் வேலை செய்யறாங்க, அதுக்கு நம்ம அத்தைங்க படமும் வேணும். மெடிக்கல் எய்ட் இல்லாதவங்களுக்கு கேட்டோ மேனர்ல இன்கோசி ஆல்பர்ட் லுதுலி ஹாஸ்பிடல்ல நியூரோசர்ஜரி இருக்கு, நேரா போய் நிக்க முடியாது, ரெஃபரல் வழியாத்தான் போகணும், அதனால கிளினிக்லயே "பல்வலி"ன்னு எழுத விடாம எப்படி வருது, எது தொட்டா வருதுன்னு முழுசா சொல்லி எழுத வைங்க.

அப்பாயின்ட்மென்ட் போடும்போது ரெண்டு விஷயம் கேளுங்க: ட்ரைஜெமினல் நரம்புக்குன்னு மெல்லிசு டி2 3டி படம் எடுப்பாங்களா, கூட ரத்தக்குழாய்க்கு எம்ஆர்ஏ இருக்கா. "ரொட்டீன் பிரெயின்தான்"னு சொன்னா வேற இடம் பாருங்க, தடிமனா வெட்டின படத்துல இந்த நரம்பு ஒரு புள்ளியா வந்துட்டுப் போயிடும், மறுபடி எடுக்கச் சொல்லுவாங்க. படம் பாக்க ஆன்லைன் லிங்க் அனுப்பறாங்க, கொஞ்ச நாள்ல காலாவதி ஆயிடும், சர்ஜன் ஆபீஸ்ல திறக்கவும் மாட்டேங்குது, அதனால சிடியும் கேட்டு வாங்கிக்குங்க, கேட்டாத்தான் குடுப்பாங்க. கிளம்பும்போது பார்க்கிங் டிக்கெட்டை ரிசப்ஷன்ல காட்டி ஸ்டாம்ப் வாங்கணும், இல்லேன்னா முழு நேரத்துக்கும் கட்டச் சொல்லுவான்.